மொத்த உரிமையையும் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே லேப்டாப்பில் மெட்டு போட்டு, சொந்தச் செலவில் ட்ராக் செய்து முடிக்கிறார், வரிகள் நண்பருடையவை. யூடியூபில் ஒரு பாட்டைக் கேட்ட ஆடியோ கம்பெனி 20,000 ரூபாய் தருகிறோம், மொத்த உரிமையும் எங்களுக்கு என்கிறதாம். வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீங்க. ஒரு பாட்டுக்குள் சட்டப்படி மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. வரிகள் நண்பருக்கு, மெட்டு உங்களுக்கு, முன்நின்று பதிவு செய்தவர் என்பதால் ஒலிப்பதிவும் உங்களுக்கு. ஆக, நண்பர் சம்மதிக்காமல் மொத்தத்தையும் விற்க உங்களால் முடியவே முடியாது.

2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மெட்டையும் வரியையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பிறகும் அவற்றுக்கு வரும் ராயல்டியில் சரிபாதி படைத்தவருக்கு உண்டு, வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அது போனால் போனதுதான், பாட்டு வெளியானதிலிருந்து 60 வருஷம் அதன் வருமானம் வேறொருவருக்கு. நான் பயப்படுவது இதற்குத்தான். இன்னொன்று, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று மறக்காமல் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், நண்பரோடு வாய்ப்பேச்சு போதாது. நம்ம கரையில் படகுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை என்று கடலுக்குப் போகும் முன்பே பேசிவிடுகிறோம் இல்லையா, பாட்டுக்கும் அப்படித்தான். யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நட்பும் போய்விடும்.

உங்கள் பாட்டின் நடுவே ஒரு பெரியவர் அம்பா பாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. வலை இழுக்கும்போது தலைமுறையாகப் பாடிவரும் அந்தப் பாட்டு யாருடைய தனிச்சொத்தும் இல்லை, ஆனால் அந்தக் குரலும் பாடிய விதமும் அவருடையவை, பாடியவருக்கென்று சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது. அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பங்கும் கொடுங்கள். கொடுக்காமல் இருப்பது நியாயமே இல்லை.

ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களில் பாட்டை ஏற்றிவிடும் டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். மெட்டுக்கும் வரிக்கும் தனியாக ராயல்டி உண்டு, அதற்கு நீங்கள் இருவரும் மும்பையில் இருக்கும் ஐபிஆர்எஸ் என்ற ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே வருஷக்கணக்காகப் பாட்டு போடுகிறார்கள்.

சென்னை? குடிபோக அவசரம் இல்லை. ட்ராக், மிக்ஸிங் எல்லாம் மண்டபத்திலிருந்தே அனுப்பலாம், மற்றவர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டிய வேலை வந்தால் மட்டும் சேது எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்வாருங்கள்.

கம்பெனிக்கு இப்படி எழுதுங்கள்: "உரிமையை விற்கவில்லை, 3 வருஷத்துக்கு லைசென்ஸ் தருகிறோம். 20,000 ரூபாய் அட்வான்ஸாக இருக்கட்டும். எங்கள் எல்லோருடைய பெயரும் பாட்டில் வர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வேண்டும்." பதில் எழுத்தில் வந்ததும் ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.