கட்டுமரமும் கேட்டமரனும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சரக்குக் கப்பலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. நேவி நாவாயிலிருந்து வந்தது, ஆங்கர் நங்கூரத்திலிருந்து வந்தது, கேட்டமரன் கட்டுமரத்திலிருந்து வந்தது, கடல் சொல் எல்லாமே தமிழ்தான் என்கிறது அது. கேட்டமரன் கப்பலில் நானே போயிருக்கிறேன். கீழே இரண்டு உடல், இரண்டையும் இணைத்து மேலே ஒரு தளம். நம் கட்டுமரத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதில் எதுதான் உண்மை? பேரன் கேட்கிறான், பதில் சொல்லத் தெரியவில்லை.

ரா., தூத்துக்குடி

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

கேட்டமரன் என்ற பெயர் நம் கட்டுமரமேதான். பேரனிடம் தயங்காமல் சொல்லுங்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் மிதவைகளை இந்தப் பெயரிலேயே குறிப்பிடுகிறார். ஒரு மரம், சில சமயம் இரண்டு மரம், ஒரே ஆள், கால் எப்போதும் தண்ணீருக்குள், கையில் துடுப்பு. அவர் கண்டது அவ்வளவுதான்.  இப்படிப்பட்ட பயணிகளின் எழுத்து வழியாகத்தான் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

உங்கள் சந்தேகமும் சரியானது. நீங்கள் பயணம் செய்த இரட்டை உடல் கலம் நம்முடையதல்ல. அந்த அமைப்பு பசிபிக் தீவுகளின் பாலினீசியர்களுடையது. இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து தீவு தீவாகக் குடியேறியவர்கள் அவர்கள். ஆங்கிலேயர்களோ கட்டுமரம் என்ற சொல்லை எந்த மிதவைக்கும் வைக்கப் பழகிவிட்டார்கள். 1804-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தைத் தாக்க வெடிமருந்து அடைத்து மிதக்கவிட்ட பெட்டிகளுக்குக்கூடக் கேட்டமரன் என்றே பெயர். அப்புறம் 1876-இல் அமெரிக்கரான நதானியல் ஹெர்ரஷாஃப் இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி, நியூயார்க்கில் நடந்த போட்டியில் மற்றப் படகுகளையெல்லாம் பின்னால் விட்டார். அந்த வகைப் படகுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, பெயர் நம் கரையிலிருந்து போனது. உடல் பசிபிக்கிலிருந்து வந்தது. பாலினீசியர்களுக்கு உரிய பெருமையை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நம் கட்டுமரத்துக்குத் தனிப் பெருமை இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு சென்னைக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். கரையேறிய மரத்தை இரண்டு பேர் அவிழ்த்தார்கள். முன்னும் பின்னும் இருந்த கயிற்றுக்கட்டைத் தளர்த்தியதும் கலமே காணாமல் போய், மணலில் தனித்தனி மரங்கள் கிடந்தன. நடு மரம் மட்டும் மற்றவற்றைவிட நீளம். ஒவ்வொன்றாக மேட்டுக்கு இழுத்துப்போய் வெயிலில் போட்டார்கள். ஊறிய மரம் கனக்கும், காய்ந்தால்தான் நாளைக்கு மிதக்கும் என்றார் பெரியவர். ஒரு ஆணி கிடையாது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் மர இடுக்கு வழியே இறங்கிவிடும். நிரம்பி மூழ்க அங்கே பள்ளமே இல்லை. கட்டுவதும் அவிழ்ப்பதும் அன்றாட வேலை என்பதால்தான் அது கட்டுமரம். அந்தப் பெயருக்குள் இருக்கும் ‘கட்டு’ எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

சென்னைக்குத் துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் இருந்தன. அவையும் போக முடியாத அளவுக்கு அலை அடித்தால் கட்டுமரக்காரர்தான் போவார். கூம்பு போன்ற தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு அலைக்குள் பாய்வார். மரத்திலிருந்து விழுந்தாலும் நீந்திப்போய் ஏறிக்கொள்வார். கடிதம் நனையாமல் கப்பலுக்குப் போய்ச் சேரும்.

சரி, மற்ற இரண்டுக்கு வருகிறேன். நேவி லத்தீனின் நாவிஸ் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கிரேக்கத்தின் நாவ்ஸும் சமஸ்கிருதத்தின் நௌவும் அதன் உறவுகள். ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்ற புறநானூற்று வரியைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. அதற்காக நேவியை நாவாய்க்குப் பிள்ளையாக்க முடியாது. ஆங்கரின் மூலம் கிரேக்கம். நம் நங்கூரமோ பாரசீகத்தின் லங்கர் என்ற சொல்லுக்கு நெருக்கமானது.

நாம் வாங்கிய சொற்களும் உண்டு. மாலுமி, அரபியின் முஅல்லிம். ஆசிரியர் என்று பொருள். கடல்வழி தெரிந்தவரை அரபுக் கடலோடிகள் ஆசிரியர் என்று அழைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கப்பலைத் திருப்பும் சுக்கானும் அரபிதான். நாம் கொடுத்ததும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் இன்றும் கப்பலைக் ‘காப்பால்’ என்கிறார்கள். அது நம் கப்பல். உங்கள் தூத்துக்குடித் தோணியின் தலைவரான தண்டல், ஆங்கிலக் கப்பல்களில் டிண்டல் ஆனார்.

கப்பலின் வலது பக்கத்துக்கு நீங்கள் தினமும் சொன்ன ஸ்டார்போர்டும் இப்படிக் கை வேலையில் பிறந்த சொல்தான். சுக்கான் பின்பக்கத்துக்கு வருமுன், வட ஐரோப்பாவில் வலது விலாவில் தொங்கவிட்ட பெரிய துடுப்பால் கலத்தைத் திருப்பினார்கள். திருப்பும் பக்கம் என்பதுதான் அதன் பொருள். அந்தத் துடுப்பு கரையில் இடிபடக் கூடாது என்று இடது பக்கத்தைத் துறைக்குக் கொடுத்தார்கள். இடது பக்கத்தின் பழைய பெயர் லார்போர்டு. காற்றில் கத்தும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்டுக் குழப்பியதால் 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை அதைக் கைவிட்டுப் போர்ட் என்றே சொல்ல ஆணையிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் வயதாகி வீட்டில் இருக்கிறார்கள். நடு மரத்துக்கு ஒரு பெயர், ஓர மரத்துக்கு ஒரு பெயர், முன்கட்டுக்கு ஒரு பெயர் என்று அன்று அந்தப் பெரியவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். குறித்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன், இன்று வரை அந்த வருத்தம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் தோணியிலும் மரத்திலும் போன பெரியவர்கள் இருப்பார்கள். பேரனை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு, அவர்கள் உச்சரிப்பது மாறாமல் எழுதி அனுப்புங்கள். அதை இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்.