அவரைப் பந்தலில் கண்ட இரு சிர்பிட் ஈக்கள்

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் உங்கள் அவரைப் பந்தலில், அசுவினி (சாறுறிஞ்சும் சிறு பூச்சி) ஏறிய கொடிகளைச் சுற்றி அந்தரத்தில் நிற்கும் மஞ்சள் கறுப்புச் சிர்பிட் ஈக்கள் ஒரே இனமா, இரண்டா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் இணைத்த இரு படங்களில் இருப்பவை வெவ்வேறு பேரினங்கள் என்றே கருதுகிறேன்.

முதல் படத்தில் வயிற்றின் மூன்றாம், நான்காம் கண்டங்களை (வளையப் பகுதிகளை) பெரிதாக்கிப் பாருங்கள். கண்டத்தின் பின்பகுதியில் ஒரு தடித்த கறுப்புப் பட்டையும், அதற்கு முன்னால் மீசை வரைந்தாற்போல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடும் தெரியும். இந்த இரட்டைப் பட்டைதான் எபிசிர்பஸ் என்ற பேரினத்தின் அடையாளம். இரண்டாவது ஈயில் அந்த மீசைக் கோடு இல்லை. மாறாக, மார்பின் இரு ஓரங்களிலும் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் துலக்கமான மஞ்சள் விளிம்பு ஓடுகிறது. அது இஸ்கியோடன் ஸ்குடெல்லாரிஸ் என்ற இனம். ஆண் ஈயாயின் பின்காலில், உடலை ஒட்டிய அடிக்கணுவில் சிறு முள் போன்ற நீட்சி இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் அதுவும் கிடைத்தால் ஐயமே இல்லை.

பட்டைகளின் அகலத்தை மட்டும் நம்ப வேண்டாம். கூட்டுப்புழுப் பருவத்தில் குளிர் பட்ட எபிசிர்பஸ் ஈக்கள் கறுத்துப் பிறக்கும் என்பதால், மார்கழியில் கண்டதும் சித்திரையில் கண்டதும் வேற்றினம்போல் தோன்றிவிடும். நெற்றியில் இரு கண்களும் ஒட்டியிருந்தால் ஆண், விலகியிருந்தால் பெண். இதுவும் இனவேறுபாடு அன்று.

இரண்டின் புழுக்களும் அசுவினியைத் தின்பவை. ஆதலால் அடையாளம் உறுதியாகும்வரையாவது மருந்தடிப்பைத் தள்ளிவையுங்கள். வெயில் ஏறுமுன், ஈக்கள் இலையில் அமர்ந்திருக்கும்போது மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து அனுப்புங்கள்.