வெள்ளி ஒயின் லேபிள்: முத்திரைகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: பிறை வடிவ வெள்ளி ஒயின் லேபிள் ஒன்று வாங்கினேன். முகப்பில் ‘மதீரா’ என்று ஒயின் வகையின் பெயரைப் பொறித்திருக்கிறது. பின்புறம் நடக்கும் சிங்கமும், வளைந்த கையெழுத்து பாணியில் ‘எச்.பி.’ என்ற எழுத்துகளும் மட்டுமே. ஊர் முத்திரையும் ஆண்டு எழுத்தும் இல்லையே, போலியா?

பதில்: அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். டிகான்டரின், அதாவது ஒயின் ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவையின், கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் இந்த லேபிள்கள் இங்கிலாந்தில் 1730களில் புழக்கத்துக்கு வந்தன. சின்னச் சாமான்களுக்கு அப்போது முழு முத்திரை (ஊர், ஆண்டு, வெள்ளியின் தரம், செய்தவர் ஆகியவற்றைக் காட்டும் அடையாளங்கள்) கட்டாயமில்லை. தட்டான் தன் முத்திரையை மட்டும் அடிப்பார். சிலவற்றில் கூடவே வெள்ளியின் தரத்தைச் சொல்லும் சிங்கம் இருக்கும். 1790ஆம் ஆண்டுச் சட்டம்தான் இவற்றையும் முழு முத்திரைக்குள் கொண்டுவந்தது. ஆகவே இரண்டே முத்திரை என்றால் பெரும்பாலும் 1790க்கு முந்தையது. வளைந்த ‘எச்.பி.’ லண்டனின் வெள்ளிக் கலைஞர் ஹெஸ்டர் பேட்மேன் 1761இல் பதிவு செய்தது. அவர் 1790இல் தொழிலிலிருந்து ஒதுங்கினார். காலம் பொருந்துகிறது. ஆனால் பேட்மேன் என்றாலே விலை ஏறிவிடும். கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யாமல் அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் லேபிளில் ஆண்டு எழுத்து சிறிய ‘ஏ’. அட்டவணையில் பார்த்தால் அதே எழுத்து பல ஆண்டுகளில் வருகிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: எழுத்தில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் ஊர். பழைய சாமான்களில் சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்டு, கோட்டையும் முட்செடிப் பூவும் சேர்ந்திருந்தால் எடின்பரோ. ஒவ்வோர் ஊரின் எழுத்து வரிசையும் தனி. 1770க்கும் 1820க்கும் இடைப்பட்ட லேபிள் என்றால், நங்கூரத்தோடு வரும் சிறிய ‘ஏ’ 1798ஐக் குறிக்கும். சிறுத்தைத் தலையோடு வந்தால் 1776 அல்லது 1816.

அந்த இரண்டில் எது என்பதை மன்னர் தலை முத்திரை சொல்லிவிடும். வெள்ளிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக 1784 டிசம்பரிலிருந்து 1890 வரை அந்தத் தலையை அடித்தார்கள். தலை இருந்தால் 1816. முழு முத்திரை வரிசையில் தலை மட்டும் இல்லையென்றால் 1776ஐப் பாருங்கள். 1786 வரை அந்தத் தலை குழிந்து, இடப்பக்கம் பார்த்தபடி இருக்கும். அதன்பின் புடைத்து, வலப்பக்கம் திரும்பிவிடும்; விக்டோரியா ராணியின் தலை மட்டும் மீண்டும் இடப்பக்கம் பார்க்கும். லண்டன் சிறுத்தையின் கிரீடமும் உதவும்: 1821இல் அதை எடுத்துவிட்டார்கள். அதுவரை நம்மைப் பார்த்துத் திரும்பியிருந்த சிங்கத்தின் முகமும் அப்போதுதான் தான் நடக்கும் திசையில் பார்க்கத் தொடங்கியது. லண்டனில் எழுத்து மே மாதக் கடைசியில் மாறியது. அதனால்தான் பட்டியல்களில் 1816-17 என்று இரட்டை ஆண்டு போடுகிறார்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைலென்ஸ்) போதும். விளக்கை நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்; தேய்ந்த முத்திரையைச் சுற்றியுள்ள கேடயம் போன்ற கட்டம் அப்போதுதான் தெரியும். எழுத்தைவிட அந்தக் கட்டத்தின் வடிவம் பல நேரம் உறுதியான சாட்சி.

கேள்வி: முத்திரை அசலாக இருந்தும் லேபிள் போலியாக இருக்க முடியுமா?

பதில்: தாராளமாக. சேகரிப்பாளர் பணம் இழப்பது இங்கேதான். பழைய கரண்டியைத் தட்டி லேபிளாக்கினால் முத்திரை உண்மைதான், பொருள் புதிது. தட்டும்போது உலோகம் விரிவதால் முத்திரைகள் ஒரே பக்கமாக நீண்டு இளைத்திருக்கும். சில விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டிருக்கும்.

இரண்டாவது வகை, அசலை அச்செடுத்து உருக்கிய வெள்ளியை ஊற்றும் வார்ப்பு. முத்திரையின் ஓரங்கள் மழுங்கி, உள்ளே மணல் மணலாகப் புள்ளிகள் தெரியும். தொகுப்பாகக் கிடைத்தால் இன்னும் சுலபம். அசலில் ஒவ்வொரு முத்திரையையும் கையால் தனித்தனியே அடித்திருப்பார்கள். இடைவெளியும் சாய்வும் லேபிளுக்கு லேபிள் மாறும். மூன்று லேபிளிலும் ஒரே சாய்வு, ஒரே இடத்தில் ஒரே கீறல் என்றால் ஒரே அச்சில் வார்த்தவை.

மூன்றாவது, பெயரை மாற்றியது. அதிகம் கிடைக்கும் ‘போர்ட்’, ‘ஷெர்ரி’யைத் தேய்த்துவிட்டு அரிய பெயரைப் பொறிப்பார்கள். நடுப்பகுதியை விரலிடுக்கில் மெல்ல அழுத்துங்கள். ஓரத்தைவிட மெலிந்து அமுங்கினால் தேய்த்திருக்கிறார்கள். முகப்பில் வாயால் ஊதினால் ஆவி படர்ந்து விலகும் சில நொடிகளில் பழைய எழுத்தின் சாயல் தெரியும். சுற்றியுள்ள அலங்காரம் தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருப்பதும் அதே கதை. சங்கிலித் துளையையும் பாருங்கள்: இருநூறு வருஷம் வளையம் இழுத்த துளை மேல்பக்கம் சற்று நீண்டிருக்கும். துளை வட்டமாகவே இருந்தால் லேபிள் அதிகம் தொங்கியதில்லை, அல்லது துளையே புதிது. சங்கிலி மாறியிருப்பது சாதாரணம். அது விலையைக் குறைக்கும், லேபிளைப் போலியாக்காது.

கேள்வி: கறுத்த லேபிளை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: முக்கியெடுக்கும் திரவங்கள் வேண்டாம். பொறித்த எழுத்துகளுக்குள் பழைய கறுப்பு மெழுகு நிரப்பியிருக்கலாம். அது போனால் அசலை மீட்க முடியாது. வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பருத்தித் துணி. பின்புற முத்திரைகள் மேல் பாலிஷ் போடவே போடாதீர்கள். ரப்பர் பேண்டால் கட்டி வைத்தால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும். சங்கிலி முகப்பைக் கீறாதபடி ஒவ்வொன்றையும் அமிலமில்லாத மெல்லிய தாளில் தனியாகச் சுற்றி வையுங்கள்.