செங்காந்தள் கிழங்கைத் தோண்டலாமா?

வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் கோயில்காட்டு வேலியில் செங்காந்தள் பார்த்ததாகவும், அழியும் இனமா, கிழங்கைத் தோண்டி வீட்டில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உலக அளவில் பயமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிய கொடி அது. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலிலும் கவலை குறைந்த பிரிவுதான். அதற்காகக் கடப்பாரையைத் தூக்கிவிடாதீர்கள்! மருந்துக்காகக் கிழங்கை அகழ்ந்தே பல காடுகளில் அருகிவிட்டது. முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கும், எளிதில் ஒடியும். முளை ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது.

ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடுகிறார்கள். அங்கே விலைக்கு வாங்குங்கள். மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்தால் செத்துவிட்டதென்று பிடுங்க வேண்டாம், கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கும்.

அப்புறம், வீட்டில் சின்னப் பிள்ளைகளோ ஆடுமாடோ இருந்தால் வைக்காமல் இருப்பதே நல்லது. செடி முழுக்கக் கொல்கிசின் நஞ்சு. கிழங்கைத் தின்றால் உயிரே போகும்.