பிடிவாதம் இருக்கட்டும்

கேள்வி: எல்லா மதமும் அவரவர்க்குச் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒரே மதத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருப்பது பல மதத்தார் கலந்து வாழும் நாட்டுக்கு ஆபத்தில்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: பிடிவாதத்தை ஏன் பழிக்கிறீர்கள்? அது இல்லாவிட்டால் ஜைனக் காப்பியமான சீவக சிந்தாமணி இன்று நம் கைக்கு இப்படி வந்திருக்காது. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணி பாடம் கேட்டார். ஐயர் திருவாவடுதுறை மடத்தில் படித்த சைவர். ஜைன சமயச் செய்திகள் அவருக்குப் பிடிபடவில்லை. ஊரிலிருந்த ஜைனர் ஒருவர் வீட்டுக்குப் போனார். வாசலில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி படித்துப் பூர்த்தி செய்ததைக் கொண்டாடுகிறார்களாம்! எந்த நூலானால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிற வீட்டில் இதற்காகத் தோரணம் கட்டுவார்களா? ஐயர் அவர்களிடம் கேட்டுக் கற்று 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1898இல் பௌத்த நூலான மணிமேகலையையும் கொண்டுவந்தார். கடைசிவரை சைவராகவே இருந்தார்.

அந்த ஜைனர்களின் கொள்கையையும் பாருங்கள். உண்மைக்குப் பல முகம், எவர் பார்வையிலும் அது முழுதாக அகப்படாது என்பது அவர்களுடைய அநேகாந்தவாதம். அதைச் சொன்னவர்கள்தான் பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை என்ற விரதத்தையும் வைத்துக்கொண்டார்கள். பல முகம் என்பதால் நோன்பைத் தளர்த்தவில்லை. தான் பட்டினி கிடப்பவரால் நாட்டுக்கு என்ன கேடு? அடுத்த வீட்டு உலையை இறக்கச் சொல்பவரைத்தான் தடுக்க வேண்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைக் கொடுக்கும்போதே பொது ஒழுங்குக்கு உட்பட்டுத்தான் கொடுக்கிறது.

என் கோபமெல்லாம் சமய நல்லிணக்க மேடைகள் மேல். இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். மூன்று மதத்தார் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், எல்லா நதியும் கடலுக்குத்தான் என்கிறார்கள், சால்வை வாங்கிக்கொண்டு கலைகிறார்கள். அடுத்தவர் வேதத்தில் ஒரு பக்கம் புரட்டியவர் அங்கே எத்தனை பேர்? எல்லாம் ஒன்றுதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டவருக்குப் புரட்ட வேண்டிய அவசியமே வராது. அதுதான் அந்தப் பேச்சில் எனக்குப் பொறுக்காதது.

செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் தமிழ் ஜைனர்களின் மடம் இருக்கிறது. அடுத்த நல்லிணக்கக் கூட்டத்தை அங்கே போடுங்கள். மைக்கை அணைத்துவிட்டு, ஜைனர் ஒருவர் சிந்தாமணியைப் பாடம் சொல்ல, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். அதில் இலம்பகம், அதாவது அத்தியாயம், 13 இருக்கிறது. மாதம் ஒன்று வைத்தால் ஒரு வருஷத்துக்கு மேல் போகும்.