புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளின் மனம்: கேள்வி பதில்

கேள்வி: பையனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து குணமாகிவிட்டது. இப்போது பதினொன்று. படிப்பில் பின்தங்குகிறான், எதையும் எழுதி முடிப்பதில்லை. சோம்பேறித்தனமா?

பதில்: என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். நோய் மூளைப் பக்கம் போகாமலிருக்க முதுகில் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட்டிருப்பார்கள். சிலருக்குத் தலையில் கதிர்வீச்சும் உண்டு. கவனம், வேகம், கேட்டதை மனதில் நிறுத்திக் கணக்குப் போடும் திறன் எல்லாம் இதனால் குறையலாம். சில வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். அவன் இரண்டாவது வரி எழுதுவதற்குள் டீச்சர் பலகையை அழித்துவிடுகிறார், இவன் பேனாவை மூடிவிடுகிறான். பார்க்கிறவர்களுக்கு அது திமிர்! நரம்பியல் உளவியலாளரிடம் சோதித்து, தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள். என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற டிரீட்மெண்ட் சம்மரி (சிகிச்சைக் குறிப்பு) இல்லையென்றால் உடனே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வயது 20. சிறுவயதில் மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு. எந்நேரமும் அசதி, எதிலும் பிடிப்பில்லை. மன அழுத்தத்துக்கு எந்த மாத்திரை நல்லது?

பதில்: மாத்திரைப் பெயர் இங்கே சொல்ல மாட்டேன். தலையில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனையும் மனநல மருத்துவரும், இரண்டும் வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இன்றைக்கே போங்கள்.

கேள்வி: செக்கப் தேதி வந்தால் மகள் விளையாடப் போய்விடுகிறாள். எனக்குத்தான் தூக்கமில்லை.

பதில்: நோய் திரும்பிவிடுமோ என்ற இந்தப் பயம் பிள்ளையைவிடப் பெற்றோரிடம் அதிகமாக இருப்பது சகஜம். ஆலோசனை உங்களுக்கும்தான்.

கேள்வி: இரண்டு வயதில் வந்த நோயை மகளிடம் சொல்லவே இல்லை. இப்போது பதினான்கு. எதற்குக் கிளற வேண்டும்?

பதில்: இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்து ஏறியிருந்தால் வளர்ந்த பிறகும் அவ்வப்போது எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் எத்தனை நாள் வருவாள்?

இடையில் ஒருவர்: நிம்மதியாக இருக்கிற பிள்ளையைக் கெடுக்காதீர்கள் சார்.

பதில்: நிம்மதி உங்களுக்கா, அவளுக்கா? மருந்து ஏற்ற நெஞ்சில் போர்ட் என்ற சிறு கருவி வைத்த தழும்பைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள்.

அவரே: தெரிந்தால் கல்யாணப் பேச்சில் தடை வருமே?

பதில்: ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்லுங்கள். யாரிடம் சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவளாகக் கண்டுபிடித்தால், நோயைவிட நீங்கள் மறைத்ததுதான் அவளுக்கு வலிக்கும். நான்தான் சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் தயார், கூட்டி வாருங்கள்.

கேள்வி: என் பையனும் படிப்பில் மந்தம்...

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். டிரீட்மெண்ட் சம்மரியோடு வாருங்கள்.