நூல்காசு மட்டும் வந்தால் போதுமா?

கேள்வி: ஒரு வருடமாக வீட்டிலிருந்தே கொக்கி ஊசியால் குரோஷே பைகள் பின்னி விற்கிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை, ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. விலையைக் கூட்டினால், "கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே" என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம். ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது என்றால் கைவேலையில் குறையில்லை. நீங்கள் அனுப்பிய கணக்கில் நூல், ஜிப், லைனிங் துணி, பார்சல் செலவு எல்லாம் இருக்கிறது. பின்னிய நேரத்தை மட்டும் காணோம்!

அடுத்த பையைத் தொடங்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் குறியுங்கள். அடுப்பைப் பார்க்கப் போனதைக் கழித்துவிடலாம். தப்பாகப் போய்ப் பிரித்துப் பின்னியதைக் கழிக்காதீர்கள், அதுவும் வேலைதான். நூல் முனைகளை ஊசியால் உள்ளே இழுத்து மறைப்பது, லைனிங் தைப்பது, போட்டோ எடுப்பது, விலை கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது, இவையும் சேரும். விற்ற விலையில் பொருட்செலவைக் கழித்து, மீதியை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணைப் பார்த்தால் கோபம் வரும். வரட்டும்.

கடைப் பை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. அசல் குரோஷேவுக்கு இன்றும் கைதான். ஆக, அந்த மலிவான பை அசல் குரோஷே என்றால், அதையும் யாரோ ஒருவர் கொக்கி ஊசியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்துதான் பின்னியிருக்கிறார். அவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும்? அதோடு போய்ப் போட்டி போடுவானேன்?

சொந்தக்காரர்களுக்குப் பாதி விலை என்ற பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். பிடித்தவர்களுக்குப் பரிசாகவே கொடுங்கள், விற்றால் முழு விலைக்கு விற்றுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால் பணமும் வராது, நல்ல பெயரும் வராது.

அப்புறம், கேட்ட நிறத்தில் பின்னித் தருவதற்குப் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். ஒரு பைக்கு வேண்டிய நூல்கண்டுகளை ஒரே சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் என்று காட்டும் எண்) பார்த்து மொத்தமாக எடுங்கள். லாட் மாறினால் ஒரே நிறமும் லேசாக வேறுபடும், பாதிப் பையைப் பிரிக்க வேண்டி வரும். கைப்பிடி பாரத்தில் இழுபட்டு நீளும், அதற்குள் நாடா வைத்துத் தையுங்கள்.

மூன்று பைகளுக்கு நேரம் குறித்த பிறகு விலையை மாற்றுங்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்களை மட்டும் பழைய விலைக்கே முடித்துக் கொடுத்துவிடுங்கள்.